வெடித்த பிறகு எழுதியவை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "சிவகாசிச் சீமைக்குப் போய்ப் பழைய தாள்களைப் பற்றியா பேசப் போகிறீர்? அங்கே பழைய தாள் கிடைத்தால் சுருட்டி மருந்தல்லவா அடைப்பார்கள்!" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கு உறைத்தது. இந்த வட்டாரத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளைப் பற்றி அரசாங்கம் எழுதிய தாள்களில் எவை மிஞ்சும், எவை எடைக்குப் போகும், அதை யார் முடிவு செய்கிறார் என்பதுதான் இன்று நான் பேச வந்த பொருள்.

இன்னும் நெருங்கிச் சொன்னால், அதிகாரிகளையும் அரசுத் துறைகளையும் மக்கள் பிரதிநிதிகளின் அவை விசாரித்த ஏடுகள். அவையே நேராக விசாரித்தது, அவை கேட்டதால் அரசு விசாரித்தது, அவை கேட்காமல் விட்டதால் நீதிமன்றம் விசாரித்தது என்று இதில் மூன்று வகை உண்டு. நம் விருதுநகர் மாவட்டத்துக்கு வாய்த்தது பெரும்பாலும் மூன்றாவது வகை.

வெடித்தால் என்ன நடக்கும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். தீயணைப்பு வண்டி, சிவகாசி அரசு மருத்துவமனை, தீக்காயம் கடுமை என்றால் மதுரை. மாலைக்குள் இரங்கல் செய்தியும் நிவாரணத் தொகையும். இரவுக்குள் போர்மேன் மீதும் உரிமையாளர் மீதும் வழக்கு. மறுநாள் காலையில் வருவாய்த் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை என்று வண்டி வண்டியாக வந்து நிற்கும். 'விரிவான விசாரணைக்கு உத்தரவு' என்று நாளிதழில் நாலு வரி வரும். அதற்குப் பிறகு அந்த விசாரணை என்ன ஆனது என்று எவரும் எழுதுவதில்லை. அடுத்த வெடிக்குப் புதிய விசாரணை.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். முதல் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் அடுத்து வந்த பெரிய வெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை முதல் நாளில் சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. காரணங்களாக வெளியே வருபவை மாறுவதில்லை: ரூமுக்கு நாலு பேர் என்றிருக்கும் இடத்தில் அதற்கு மேல் ஆட்கள், மரத்தடியில் வேலை, அனுமதி இல்லாத பேன்சி ரகம், ஒருவர் பெயரில் உரிமம் வாங்கி அறை அறையாகப் பலருக்கு விடும் உள்குத்தகை.

இவை எல்லாம் தொழிற்சாலைக்காரர் செய்த தப்பு. சரி, இவற்றைப் பார்க்க வேண்டியவர்கள் யார்? டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று படிகளை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வார். மருந்தின் அளவைப் பொறுத்து, சிறியதற்கு மாவட்ட வருவாய் அலுவலர், அதற்கு மேலே மத்திய அரசின் வெடிபொருள் அலுவலகங்கள். கட்டடத்தையும் ஆட்களையும் பார்ப்பது மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். இவர்களில் யார், எந்தத் தேதியில் உள்ளே போனார், போனவர் ஆய்வுக் குறிப்பில் என்ன எழுதினார், எழுதியதை மேலே இருந்தவர் என்ன செய்தார்? உள்குத்தகை என்பது இரவோடு இரவாக நடக்கும் காரியம் இல்லை, ஊரே அறிந்தது. ஊர் அறிந்தது ஆய்வாளருக்கு எப்படித் தெரியாமல் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தாள் ஏதோ ஒரு அலமாரியில் இருக்க வேண்டும். அந்தத் தாளைத் தேடித்தான் நாம் இன்று கொஞ்சம் சுற்றப் போகிறோம்.

முதலில் 170 ஆண்டுகள் பின்னோக்கிப் போவோம். நம் மாகாணத்தில் அரசு ஊழியர்களை விசாரித்த ஏடுகளில் பெயர் பெற்றது 1855-ஆம் ஆண்டின் சித்திரவதை விசாரணை அறிக்கை. இன்றைய சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அப்போது திருநெல்வேலி ஜில்லா. காசுலு லட்சுமிநரசு செட்டியும் அவர் கூட்டாளிகளும் சென்னையில் ஒரு சங்கம் வைத்து லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டான்பி சீமோர் என்ற உறுப்பினர் 1853-இல் கப்பலேறி இங்கே வந்து, ஊர்ப்புறங்களுக்குப் போய்க் குடியானவர்களிடம் விசாரித்தார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் பேச்சு எழுந்தது: கிஸ்திப் பாக்கி வசூலிக்கக் கும்பினி ஆட்கள் குடிகளுக்குக் கிட்டி போடுகிறார்கள், தலையைக் குனிய வைத்துக் கால் கட்டைவிரலோடு கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துகிறார்கள். அவையில் எழுந்த அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சென்னை அரசாங்கம் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட ஆணையத்தை அமைத்தது.

ஆணையம் சென்னையில் உட்கார்ந்தபடி விளம்பரம் செய்தது. நேரில் வந்து முறையிட்டவர்கள் 519 பேர். கடிதத்தில் வந்த முறையீடுகள் 1,440. அந்தக் காலத்துச் சாலையையும் தபாலையும் நினைத்துப் பாருங்கள். தாசில்தாருக்கு விரோதமாகச் சொல்லிவிட்டு அதே தாசில்தாரின் ஊருக்குத் திரும்ப வேண்டியவனின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. சித்திரவதை நடப்பது உண்மை, போலீசில் மட்டுமல்ல, வரி வசூலிலும் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. அச்சாகிப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதைப் போன்ற நீல அட்டை ஏடுகளை லண்டனில் படித்த கார்ல் மார்க்ஸ், 1857 செப்டம்பரில் நியூயார்க்கின் ட்ரிப்யூன் நாளேட்டில் இந்தியச் சித்திரவதை விசாரணையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ஒரு குடியானவன் பட்ட அடி அமெரிக்க வாசகர் வரைக்கும் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. விசாரணை ஏடு அலமாரிக்குப் போகாமல் அச்சகத்துக்குப் போனது.

அந்த அறிக்கையைப் புகழ்ந்து மட்டும் பேசினால் நியாயமாகாது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை என்று நற்சான்று கொடுத்துவிட்டு, பழியைக் கீழ்நிலை ஊழியர் தலையில் இறக்கியது அது. இன்று வெடித்ததும் முதலில் போர்மேனைப் பிடிக்கிறோமே, அதே புத்தி. ஆனாலும் வருவாய்த் துறையிடமிருந்து போலீசைப் பிரித்து 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்ததற்கு இந்த அறிக்கை பெரிய காரணம். முடிவுரையில் அவர்கள் மறைக்கப் பார்த்ததைக்கூடப் பின்னிணைப்பில் அச்சான மனுக்களையும் வாக்குமூலங்களையும் வைத்து இன்றைய ஆய்வாளர் எடுத்துவிட முடிகிறது. முடிவுரை, எழுதியவரின் கருத்து. பின்னிணைப்பு பாதிக்கப்பட்டவரின் பேச்சு. விசாரணை ஏட்டில் எனக்கு எப்போதும் பின்னிணைப்பின் மீதுதான் கண்.

இனி நம் ஏடுகளின் இருப்பிடத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் பழைய காகிதத்தைத் தேடப் போகிற மாணவருக்கு முதல் தலைவலி எல்லைக்கோடு. 1910 வரைக்கும் இந்தப் பகுதியின் பெரும்பங்கு திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வெட்டி எடுத்து ராமநாதபுரம் ஜில்லாவை உருவாக்கினார்கள். அதன் கலெக்டர் கச்சேரியோ நெடுங்காலம் மதுரையில் இருந்தது. 1985 மார்ச் 15-இல் காமராஜர் மாவட்டம் பிறந்தது. 1997-இல் அது விருதுநகர் மாவட்டம் ஆனது. ஆக, சிவகாசியின் ஒரு நூற்றாண்டுக் கதையைப் படிக்க நீங்கள் நாலு ஊர் ஆவண அறைகளின் கதவைத் தட்ட வேண்டும். அதற்குப் பிறகும் எழும்பூருக்கு ரயில் ஏற வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அந்தச் செங்கல் கட்டடம் 1909-இல் எழுந்தது. அங்கே அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாகக் கட்டுக் கட்டாக இருக்கின்றன. எண்ணும் தேதியும் தெரிந்தவனுக்கு அது கற்பக மரம். தெரியாதவனுக்குக் கட்டடம் மட்டும்தான் தெரியும்.

மாவட்ட அலுவலகக் கோப்பு ஒன்று எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. பழுப்பு அட்டை. மூலையில் துளையிட்டு நூல் கோத்திருக்கும். மேலட்டையில் ந.க. என்று போட்டுப் பிரிவின் எழுத்து, வரிசை எண், ஆண்டு. உள்ளே இரண்டு பகுதி: வந்த கடிதங்களும் போன கடிதங்களும் ஒரு பக்கம், அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறிப்புகள் இன்னொரு பக்கம். வெளியே போகும் அறிக்கையில் எல்லாம் வழவழப்பாக இருக்கும். குறிப்புப் பக்கத்தில்தான், 'இதை இப்போது எடுக்க வேண்டாம்', 'பேசவும்' என்ற சிறு கையெழுத்துகள் கிடக்கும். ஒரு துறை எப்படி நினைத்தது என்று அறிய வேண்டுமா, அந்தப் பக்கத்தைப் படியுங்கள். வேலை முடிந்ததும் கோப்பை மூடும் எழுத்தர் அதற்கு ஒரு முத்திரை தருவார். ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம். மூ.மு. என்றால் மூன்றாண்டு. ப.மு. என்றால் பத்தாண்டு. நி.மு. விழுந்தால் மட்டும் நிரந்தரம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 2012-இல் நடந்த ஒரு விபத்தின் கோப்பு, அடுத்த ஆண்டே முடிக்கப்பட்டு அதன் மீது ப.மு. விழுந்திருந்தால் அதன் ஆயுள் 2023-ஓடு சரி. அழிப்புப் பட்டியலில் அது ஒரு வரி. சட்டப்படியே நடக்கும்; எவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. முப்பத்தெட்டு உயிர் போனதைப் பற்றிய காகிதம் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யவில்லை, நீதிமன்றம் முடிவு செய்யவில்லை, ஒரு பிரிவு எழுத்தர் மாலை ஐந்தே முக்காலுக்கு முடிவு செய்கிறார். அந்த எழுத்தரைக் குறை சொல்லவில்லை. அலமாரியில் இடமில்லை, மேலே இருந்து 'நிலுவைக் கோப்புகளை முடி' என்று விரட்டுகிறார்கள். மத்திய அரசின் ஆவணங்களுக்கு 1993-இல் பொது ஆவணச் சட்டம் வந்தது. அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும்; விருதுநகர் கலெக்டர் அலுவலகத்து அலமாரிக்குப் பொருந்தாது.

அரசு நேராக நடத்திய விசாரணையில் நம் பகுதிக்குப் பேர் போனது 1976-இன் ஹர்பன்ஸ் சிங் குழு. தமிழ்நாடு அரசு அமைத்த ஒருநபர்க் குழு அது. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் படும் பாட்டை விசாரித்தது. விடிவதற்கு முன்னே ஊர் ஊராக வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம். நம்மில் பலர் அந்த அறிக்கையை முழுதாகக் கையில் பிடித்துப் படித்ததில்லை. 1983-இல் ஸ்மிது கோத்தாரி ஆங்கில வார இதழில் எழுதிய கட்டுரை, 1991-இல் மைரன் வீனர் எழுதிய புத்தகம் என்று ஆய்வாளர்களின் அடிக்குறிப்புகளில்தான் அதைச் சந்தித்திருக்கிறோம். நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி நம் அரசு நம் பணத்தில் எழுதிய அறிக்கை நம் மாவட்ட நூலகத்தின் அடுக்கில் இருந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போன விஷயங்கள் இந்த வகையில் கொடுத்து வைத்தவை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா இந்தக் குழந்தைகளுக்காக 1986-இல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 1991-இல் சிவகாசியில் ஒரு பெரிய விபத்து. செய்தியைப் பார்த்த நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்தது. இறந்தவர்கள் 39 பேர் என்று தமிழ்நாடு அரசு பதில் மனு போட்டது. ஆர்.கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே.சி. துவா என்ற மூன்று வழக்கறிஞர்களை நீதிமன்றம் நேரில் போய்ப் பார்க்கச் சொன்னது. அவர்கள் அந்த ஆண்டு நவம்பரிலேயே அறிக்கை தந்துவிட்டார்கள். 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பு வந்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது குழந்தைகளின் நலநிதிக்குப் போக வேண்டும். இந்த விவரம் எல்லாம் தீர்ப்பிலேயே அச்சாகியிருப்பதால் எந்த எழுத்தரின் முத்திரையும் அதைத் தொட முடியாது. அச்சங்குளத்திலும் இதே கதை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்றது.

நீதிமன்றம் நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தின் கண் இழப்பீட்டின் மீதும், தன் முன் நிற்கும் தரப்பின் மீதும் இருக்கும். ஒரு இயக்ககத்தில் எத்தனை ஆய்வாளர் பணியிடம், எத்தனை காலி, ஒருவருக்கு எத்தனை ஆலை, ஜீப்புக்கு டீசல் உண்டா, ஆய்வுக்கு வருவது ஆலைக்காரருக்கு முன்பே எப்படித் தெரிகிறது என்று குடைய வேண்டியது வேறு ஓர் இடம். பணம் ஒதுக்கும் இடம். அது சட்டமன்றம்.

சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது? 1884-இன் வெடிபொருள் சட்டத்தில் விபத்தை அறிவிக்க எட்டாம் பிரிவு, விசாரிக்க ஒன்பதாம் பிரிவு, கடுமையான விபத்தை மத்திய அரசே விசாரிக்க 9-ஏ பிரிவு. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 90-ஆம் பிரிவு. மாநில அரசு தகுதியுள்ள ஒருவரை நியமித்து விசாரிக்கலாம். அதே பிரிவின் நாலாவது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள்: அறிக்கையை, அரசு தக்கதென்று கருதினால், வெளியிடலாம். கருதாவிட்டால்? அலமாரி. அந்தச் சட்டம் இப்போது புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அதன் கீழ் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டவை அந்த அலமாரியிலேயே கிடக்கின்றன.

1952-இன் விசாரணை ஆணையச் சட்டம் வேறு மாதிரி. அதன் மூன்றாம் பிரிவு, சட்டமன்றம் தீர்மானம் போட்டால் அரசு ஆணையம் அமைத்தே ஆக வேண்டும் என்கிறது. 'அமைக்கலாம்' என்பதல்ல. அறிக்கை வந்தால் ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு, அவையில் வைக்க வேண்டும். இதன் பலனைப் பக்கத்து மாவட்டத்தில் பார்த்தோம். 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தது. அக்டோபர் 18-ஆம் தேதி அது பேரவையில் வைக்கப்பட்டது. காவல்துறை அதிகாரிகள் மீதும் அப்போதைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்த பக்கங்களை மறுநாள் தமிழ்நாடே படித்தது. எடுத்த நடவடிக்கை போதுமா என்பது வேறு சண்டை. சண்டை போடக் கையில் ஏடு இருக்கிறது. முதலிப்பட்டிக்காரர் கையில் என்ன இருக்கிறது?

கடல் தாண்டி ஓர் உதாரணம் சொல்கிறேன்; நமக்கு மிக நெருக்கமானது. 1911 மார்ச் 25, நியூயார்க். ட்ரையாங்கிள் என்ற சட்டை ஆலையில் தீ. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வயசுப் பெண்கள், பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்பதாம் மாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. வெளியே இருந்த, தீயிலிருந்து தப்பும் ஏணி பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. நாலு நாள் கழித்து, அதற்குச் சம்பந்தமே இல்லாமல், ஆல்பனி நகரில் அந்த மாநிலச் சட்டமன்றக் கட்டடமே தீப்பிடித்தது. அங்கிருந்த அரசு நூலகம் எரிந்து, லட்சக்கணக்கான நூல்களும் பழஞ்சுவடிகளும் சாம்பலாயின. ஆலையும் எரிந்து ஆவணமும் எரிந்த அந்த ஆண்டில்தான், ஜூன் கடைசியில், அந்தச் சட்டமன்றம் ஆலை விசாரணை ஆணையம் ஒன்றைச் சட்டம் போட்டே அமைத்தது. தலைவர் செனட்டர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் பேரவை உறுப்பினர் ஆல் ஸ்மித். உறுப்பினர்களில் தொழிற்சங்கத் தலைவர் கோம்பர்ஸ் உண்டு, மேரி டிரையர் என்ற பெண்மணி உண்டு.

முதல் ஆண்டில் மட்டும் 222 சாட்சிகள், 3,489 பக்கம் வாக்குமூலம். முதலாளியைக் கேட்டார்கள், தொழிலாளியைக் கேட்டார்கள், தொழிலாளர் துறை ஆய்வாளர்களையும் உட்கார வைத்துக் கேட்டார்கள். கேட்டதோடு விடவில்லை. ஆணையத்தோடு வேலை பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண், உறுப்பினர்களை அதிகாலையில் ஆலைகளுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஓர் ஆலையில், சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாக வாக்னரையே தவழ்ந்து வெளியே வர வைத்தார். வெளியே பனி உறைந்த ஏணி, அதுவும் தரை வரைக்கும் எட்டாமல் அந்தரத்தில் முடிந்தது. ஆலைக் கணக்கில் அதற்குப் பெயர் அவசர வழி. நம்முடைய சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மே மாதத்து மத்தியானத்தில் மருந்துக் கலவை அறையில் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு நப்பாசை. அந்த ஆணையம் 1915 வரைக்கும் நீடித்தது. தொழிலாளர் துறையையே கலைத்து அடுக்கினார்கள், முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. அந்த வாக்குமூலங்கள் தொகுதி தொகுதியாக அச்சாகி, இன்று எந்த ஊரில் இருப்பவரும் படிக்கக் கிடக்கின்றன.

நம் பேரவைக்குக் கருவி இல்லாமல் இல்லை. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 55-ஆம் விதிப்படி கவன ஈர்ப்பு வரும், அமைச்சர் எழுந்து ஆவன செய்யப்படும் என்பார். அப்படிச் சொன்னதை எல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, செய்தாயா என்று துறையைக் கேட்கத்தான் உறுதிமொழிக் குழு. 1952 முதலான அவை நடவடிக்கைகளை இணையத்தில் ஏற்றும் வேலையும் அண்மை ஆண்டுகளில் நடந்திருக்கிறது, அதற்குப் பாராட்டு. பேச்சு கிடைக்கிறது. குழுக்களின் உள்ளறையில் அதிகாரிகள் சொன்ன சாட்சியம்தான் கிடைப்பதில்லை.

இதில் சட்டத்தின் ஒரு சந்து இருக்கிறது, கவனியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவு சிலவற்றைத் தர மறுக்கலாம் என்கிறது. அதே பிரிவு, இருபது ஆண்டு கடந்துவிட்டால் பெரும்பாலான மறுப்புகள் செல்லாது என்றும் சொல்கிறது. அப்படிக் காலாவதி ஆகாமல் நிற்கும் மூன்றில் ஒன்று, சட்டமன்றத்தின் உரிமை மீறல் என்ற காரணம். அதாவது போலீஸ் விசாரணைக்கு இடையூறு என்ற சாக்கு இருபது ஆண்டில் தீர்ந்துவிடும். அவையின் உரிமை என்ற பூட்டு மட்டும் துருப்பிடிக்காது. மக்களின் அவை, மக்களிடமிருந்து தன் ஏட்டைக் காலமெல்லாம் பூட்டி வைப்பதில் என்ன நியாயம்? இலங்கையில் அரசு நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழு 2019 முதல் செய்தியாளர்களை உள்ளே விட்டது. அதிகாரி திணறுவதை ஊர் பார்த்தது. வானம் இடிந்து விழவில்லை.

ஒரு மறுப்பு எழும். எல்லாவற்றையும் திறந்தால் சாட்சி சொன்ன கூலிப் பெண்ணின் கதி என்ன? மறுநாள் அவளுக்கு எந்த ஆலையில் வேலை கிடைக்கும்? நியாயமான பயம். அவள் பெயரை மூடுங்கள், ஊரை மூடுங்கள், முப்பது ஆண்டு மூடி வையுங்கள். ஆய்வாளரிடம் கேட்ட கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் மூட எந்தக் காரணமும் இல்லை. இங்கே நடைமுறை தலைகீழாக இருக்கிறது: காயம்பட்டவரின் படம் நாளிதழில் வருகிறது, அதிகாரியின் குறிப்பு அலமாரிக்குள் போகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 1952 முதல் பேரவையில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பற்றி எழுந்த கேள்விகளையும் அமைச்சர்களின் பதில்களையும் தேடி எடுத்து ஒரு பொருளடைவு செய்யுங்கள். முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும். வாக்குறுதி எது, தேதி எது, நிறைவேறியதா என்று மூன்று பத்தி போட்டால் போதும். நாலாவது பத்தியை ஊர்க்காரர் நிரப்புவார்கள். ஆய்வுத் தலைப்பு கிடைக்கவில்லை என்று இனி எவரும் என்னிடம் சொல்லக் கூடாது.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். வெடிவிபத்து பற்றிய எந்தக் கோப்பையும் நி.மு. என்ற முத்திரை இல்லாமல் மூடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். ஒரே ஒரு தாள். அழிப்புப் பட்டியலில் இப்போது இருப்பவற்றை நிறுத்தி வையுங்கள்.

சாத்தூர் காமராஜரை அவைக்கு அனுப்பியது. அருப்புக்கோட்டை எம்.ஜி.ஆரை அனுப்பியது. இந்த மண்ணில் பிறந்த காளிமுத்து 2001 முதல் 2006 வரை பேரவைத் தலைவர் நாற்காலியில் இருந்தார். இத்தனை செல்வாக்கு இருந்தும், பட்டாசு ஆலைகளைக் கண்காணிக்கும் துறைகளை அந்த அவையே உட்கார வைத்துக் கேட்ட ஓர் ஏட்டை நம்மால் எடுத்துக் காட்ட முடியவில்லை. இன்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நமக்கு ஏழு உறுப்பினர்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அந்த ஏழு பேரும் ஒரு தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதலிப்பட்டி முதல் சின்னக்காமன்பட்டி வரை எழுதப்பட்ட விசாரணை அறிக்கைகள் அனைத்தும், வாக்குமூலங்களோடும் எடுத்த நடவடிக்கையோடும், அடுத்த கூட்டத்தொடரில் பேரவை மேசைக்கு வர வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் குடிநீரோடும் சாலையோடும் இதையும் கேளுங்கள்.